கத்தரிக்கோலுக்கு எதற்குச் சபைகூடல்?

அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எல்லாப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் சுற்றி முடித்துவிட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிச் சபைகூடலில், அதாவது எல்லா மாணவர்களும் வரிசையில் நிற்கும் கூட்டத்தில், முடி விதிப்படி இல்லை என்று ஒரு பையனை முன்னால் நிற்க வைத்து, ஒரு பக்க முடியை மட்டும் வெட்டிவிட்டு, மறுபக்கத்தை நீயே போய்ச் சரி பண்ணிக்கொள் என்று அனுப்பினார்களே, அதேதான். என்னை எழுத வைத்தது வீடியோகூட இல்லை. அதற்குக் கீழே நம் ஆட்கள் போட்ட கருத்துகள். "சூப்பர் சிக்கு" (ஆசிரியரைத்தான் அப்படி அழைப்போம்), "இவனுங்களுக்கு இப்படித்தான் செய்யணும்", அப்புறம் வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வருவீர்கள். பள்ளிக்கு விதி வேண்டும். சீருடை வேண்டும். நம் மலேசிய இடைநிலைப்பள்ளியில் எல்லாப் பையன்களும் வெள்ளைச் சட்டை, பச்சைச் சிலுவார். யார் வீட்டில் என்ன காடி நிற்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே சீருடையை நான் ஆதரிப்பேன். முடிக்கும் அளவு இருக்கட்டும். என் மகன் முடி சட்டைக் காலரைத் தொடுவதில்லை, நன்றி, விசாரித்தவர்களுக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். அதை ஏன் எல்லார் முன்னாலும் செய்ய வேண்டும்?

ரோத்தானை, அதாவது பிரம்படியை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் இன்னும் நடப்பில் இருக்கின்றன. பையன்களை அடிக்கலாம், பெண் பிள்ளைகளை அடிக்கக் கூடாது. அதுவும் தலைமையாசிரியர் அடிக்கலாம், இல்லையென்றால் அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியர். நினைத்தவரெல்லாம் கையை ஓங்க முடியாது. கூட்டத்தின் முன்னால் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சே சொல்லி வைத்திருக்கிறது. அடிக்கே ஒரு மறைவு வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது. கத்தரிக்கோல் மட்டும் மேடை ஏறலாமா? பக்கத்தில் நின்று கைத்தொலைபேசியில் படம் பிடித்தது யார்? பள்ளிக்குக் கைத்தொலைபேசி கொண்டுவர மாணவனுக்கு அனுமதி இல்லையே, அப்படியானால் வேறு யார் எடுத்திருப்பார்கள்? இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கறுப்புக் காலணி நினைவிருக்கிறதா? வெள்ளைக் காலணியை மாற்றப் போகிறோம் என்று 2018-இல் அறிவித்தார்கள். கட்டாயமானது 2021-இல். இடையில் வெள்ளையும் போடலாம், கறுப்பும் போடலாம். ஏனென்றால் வாங்கி வைத்ததை மக்கள் தூக்கி எறிய முடியாது, கடைக்காரருக்கும் சரக்கு தீர வேண்டும். ஒரு ஜோடி காலணிக்கு அத்தனை அவகாசம். ஒரு பையனின் தலைக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுக்க முடியவில்லை.

சிலர் எழுதியிருக்கிறீர்கள், பல தடவை எச்சரித்த பிறகுதான் வெட்டினார்களாம். சரி, இருக்கலாம். எச்சரித்தும் கேட்காவிட்டால் பெற்றோரைக் கூப்பிடுங்கள், கடிதம் அனுப்புங்கள், ஆலோசக ஆசிரியரிடம் விடுங்கள். அந்த அப்பாவே கடைக்குக் கூட்டிப்போய் ஸ்லோப் ஸ்டைலில் முடி வெட்டிவிட்டார் என்கிறீர்களா? அப்படியானால் அப்பாவை அழைத்துப் பேசுங்கள்.

என் தம்பி கதையைச் சொல்கிறேன். அவன் நான்காம் படிவம் படிக்கும்போது தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல். அதுவரை கத்தி படக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளி திறந்ததும் கட்டொழுங்கு ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டான். மலாய்க்காரர், குரலைக் கேட்டாலே பையன்கள் ஓடுவார்கள். அவர் இவனை வரிசையிலிருந்து இழுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் சைக்கிள் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னான். அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வா, பூசம் முடிந்த மறுநாள் உன் தலையை நான் பார்க்கணும் என்றார். மொட்டையோடு போய் நின்றான். தலையை ஒரு தடவு தடவிவிட்டு, இப்போ அழகா இருக்கேடா என்றாராம். அதற்குப் பிறகு அவன் முடி விஷயத்தில் மட்டும் இல்லை, எதிலும் அவரிடம் மாட்டியதில்லை. பயமா, பிரியமா தெரியவில்லை. இன்று பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சேஃப்டி காலணி இல்லாமல் வருபவனை உள்ளே விடமாட்டான். ஆனால் ஓரமாகக் கூப்பிட்டுத்தான் சொல்வான்.

நல்லொழுக்கம் வளர்க்கிறோம் என்கிறீர்களே, அதையும் பேசுவோம். பள்ளிகளில் எஸ்எஸ்டிஎம் என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. அதில் மாணவன் செய்த தப்பை மட்டும் பதிய வேண்டும் என்று இல்லை, நல்ல செயலையும் பதியலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஓர் ஆசிரியரிடம் கேட்டேன், இந்த வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு நல்லது பதிந்திருக்கிறீர்கள் என்று. "அதற்கெல்லாம் நேரம் எங்கே புவான்" என்றார். தப்பைப் பதிய நேரம் இருக்கிறது. அம்மா பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் போய்விட, தானே சட்டையைத் தேய்த்து, தங்கைக்கும் தேய்த்துக் கொடுத்துவிட்டு ஆறரைக்குப் பேருந்துக்கு நிற்கிற பையனை எனக்குத் தெரியும். அவன் பெயரைச் சபைகூடலில் யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு நாள் முடி வளர்ந்தால் கூப்பிடுவார்கள்.

ஆசிரியர்களுக்கு வேலை அதிகம், தெரியும். என் சித்தியும் ஆசிரியைதான். கோப்புக்கும் அறிக்கைக்கும் நடுவில் பாடம் நடத்துகிறார்கள், கொஞ்சம் கண்டித்தால் போலீஸ் புகார் வரை போகிற பெற்றோரும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவே இல்லை. "நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்" என்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்ல விருப்பமில்லை. வளர்ந்த லட்சணத்தைத்தான் அந்த வீடியோவுக்குக் கீழே பார்க்கிறோமே.

இன்னொருவர் எழுதுகிறார், இப்படி விட்டால் நாளைக்குக் கேங்கில் சேர்ந்துவிடுவான் என்று. ஐயா, அவன் எங்கே போவான் என்று நீங்கள் யோசித்ததுண்டா? பாதித் தலையோடு பள்ளி வாசலைத் தாண்டும்போது அவனைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் வெளியே நிற்கிறார்கள். "வாடா தம்பி, எவன் செஞ்சான்" என்று தோளில் கை போடுவார்கள். கேங் ஆள் சேர்ப்பது அப்படித்தான். நாம் சிரித்த நேரத்தில் அவர்கள் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஒரு குழுவில் சொன்னதற்குத்தான் "உங்க மகனும் அப்படித்தானோ?" என்று கேட்டார்கள். கேட்டவர் வேறு யாரும் இல்லை, கோயில் திருவிழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். மற்ற இனத்துக்காரன் நம் பையனைக் கேவலமாகப் பேசினால் கொடி பிடிக்கிறோம். நாமே பேசினால் அது சமுதாய அக்கறை. அந்தப் பையனுக்கும் ஓர் அம்மா இருக்கிறார், அவரும் ஏதாவது ஒரு தமிழ்க் குழுவில் இருப்பார், அந்தச் சிரிப்பு முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? எனக்கு இரண்டு நாளாக அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. முடி விஷயம்கூட இல்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், படிக்கிறேன். அந்த வீடியோவை மட்டும் இதற்குக் கீழே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். ஒட்டினால் யாராக இருந்தாலும் நீக்கிவிடுவேன், சொந்தக்காரராக இருந்தாலும்.