ஸ்டாக்ஹோமில் வெளிச்சம்தான் முக்கியம்
டிசம்பரில் ஸ்டாக்ஹோம் போகிறவர்களுக்கான உங்கள் பயணக் குறிப்பில் தடிமனான கோட்டு வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். அந்த மாதம் நடுவில் சூரியன் உதிக்கவே காலை 8.40 வாக்கில் ஆகிவிடும், மதியம் 3 மணிக்குள் அஸ்தமனம். நாங்கள் காலையில் சாவகாசமாகக் கிளம்பி, பழைய நகரப் பகுதியான காம்லா ஸ்டானின் சந்துகளைப் பாதி இருட்டில்தான் பார்த்தோம். பகலில் அங்கே நடந்துவிட்டு, 1628இல் மூழ்கிய கப்பல் இருக்கும் வாசா அருங்காட்சியகத்துக்கு 3 மணிக்கு மேல் போங்கள். பெரும்பாலான நாட்களில் 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.

அப்புறம், 'ராஸ்ரிஸ்க்' என்று பலகை வைத்திருந்தால் அந்த ஓரமாக நடக்கவே நடக்காதீர்கள். கூரையிலிருந்து பனிக்கட்டி விழும். எங்கள் கண்ணெதிரே ஒரு துண்டு விழுந்து தூள் தூளானது. குழந்தைகளோடு போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடத்திக் கூட்டிப்போங்கள்.