தொப்பி ஓட்டு மெல்லுடலிகள் அழிந்துவிடவில்லை

தொப்பி வடிவ ஒற்றை ஓடு கொண்ட மோனோபிளாக்கோஃபோரா மெல்லுடலிகள் டெவோனியன் காலத்தோடு (சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த புவியியல் காலம்) அழிந்துவிட்டன என்றும், கடற்பாறைகளில் ஒட்டியிருக்கும் லிம்பெட்டுகளே அவற்றின் வாரிசுகள் என்றும் பரவிவரும் தகவல் தவறானது. டென்மார்க்கின் கலாத்தியா ஆய்வுப் பயணத்தில், 1952-இல் கோஸ்டாரிகாவுக்கு அப்பால் சுமார் 3,500 மீட்டர் ஆழத்திலிருந்து, மோனோபிளாக்கோஃபோராவைச் சேர்ந்த, இன்றும் வாழும் நியோபிலினா எடுக்கப்பட்டது. 1957-இல் டென்மார்க் விலங்கியலாளர் ஹென்னிங் லெம்கே அதை விவரித்தார். அதன்பின் வாழும் மோனோபிளாக்கோஃபோராக்களில் வேறு பல இனங்களும் கிடைத்துள்ளன.

லிம்பெட்டுகள் நத்தை வகுப்பைச் சேர்ந்தவை. வெளித்தோற்றத்தை மட்டும் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால், லிம்பெட்டில் குதிரைலாட வடிவத் தசைத்தழும்பு (தசை ஓட்டில் ஒட்டியிருந்த தடம்) ஒன்றே இருக்க, டெவோனியனுக்கு முந்தைய சிலூரியன் கால மோனோபிளாக்கோஃபோராக்களான பிலினா, டிரிப்ளிடியம் ஆகியவற்றின் புதைபடிவங்களில் தழும்புகள் இணை இணையாக வரிசைப்பட்டிருப்பதும், நியோபிலினாவின் தசைகளும் அவ்வாறே இணைகளாக அமைந்திருப்பதும் தெளிவாகும்.