ஆறு மாதம் கடந்தால் பக்கவாதப் பயிற்சி வீணா?

"பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பாத கை, இனி ஒருபோதும் திரும்பாது. அதன்பின் பயிற்சி வீண்செலவு" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி எத்தனை வீடுகளில் பயிற்சியை நிறுத்தியிருப்பார்களோ என்று நினைக்கவே வேதனையாக இருக்கிறது.

முதல் சில மாதங்களில் மீட்சி வேகமாக நடக்கும் என்பது மெய்தான். ஆனால் வேகம் குறைவது வேறு, நின்றுபோவது வேறு.

2021இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வைப் பாருங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 108 பேர் பங்கேற்றனர். பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் முதல் பத்து ஆண்டுவரை ஆனவர்கள். மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவி எல்லோருக்கும் பொருத்தப்பட்டது; ஏறத்தாழ பாதிப் பேருக்கே உண்மையான தூண்டல் தரப்பட்டது. ஆறு வாரத் தீவிரப் பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் முடிந்தபோது, தூண்டல் பெற்றவர்களில் 47 சதவீதத்தினரின் கை குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தது. மற்ற குழுவில் 24 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள்: தூண்டலே இல்லாமல், பயிற்சியால் மட்டும் ஏறத்தாழ நாலில் ஒருவர் முன்னேறினார்.

நடைக்கும் சான்று உண்டு. 2011இல் வெளியான 408 பேரின் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதம் கழித்து டிரெட்மில் பயிற்சி தொடங்கியவர்களும், இரண்டே மாதத்தில் தொடங்கியவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே அளவு முன்னேறியிருந்தனர்.

இவை முழுக் குணம் அல்ல. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம்" என்ற விளம்பரங்களுக்கு இந்த ஆய்வுகள் ஆதாரமும் ஆகா.