கன்றுக்குக் காசு கேட்பவர்கள் வேலிக்கும் சேர்த்துக் கேளுங்கள்

மறுபடியும் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி சுற்றத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் மரம் நடுகிறார்களாம், ஒரு கன்றுக்குப் பத்து மலேசிய வெள்ளி, பெயர் போட்ட சான்றிதழும் உண்டு. எந்தச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை, நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் முழுச் செய்தியையும் படித்துப் பார்த்தேன், வேலி பற்றி ஒரு வார்த்தை இல்லை, தண்ணீர் யார் ஊற்றுவார்கள் என்று இல்லை, அடுத்த சித்திரையில் அந்தக் கன்றை யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்றும் இல்லை. இப்படியே இருந்தால் நான் ஒரு காசு தர மாட்டேன்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இதைப் புரிந்துகொள்வது கஷ்டம்தான். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மாங்கொட்டையைச் சாக்கடை ஓரம் வீசினாலும் முளைத்து நிற்கும். இராமநாதபுரத்தில் ஏறக்குறைய 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடும். அதற்குள் வேர் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்காத கன்று பங்குனி வெயிலையே தாண்டாது, கத்திரி வரைக்கும் போகவே வேண்டாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மழைக்கு முன்பே குழி வெட்டி வைத்து, முதல் நல்ல மழையில் நடுவார்கள். நம் ஆட்கள் எப்போது நடுகிறார்கள்? ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், அந்தப் பக்கம் உருப்படியான மழைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. படம் மட்டும் அழகாக வரும்.

படத்துக்காக இன்னொன்றும் நடக்கிறது. ஆள் உயரக் கன்றாகப் பார்த்து வாங்குகிறார்கள். பையிலேயே அதிக நாள் இருந்து வேர் சுருண்டு போன கன்று, மேலே அத்தனை இலை, கீழே அதற்குத் தண்ணீர் கொடுக்க வேர் இல்லை. வறண்ட நிலத்துக்குக் குட்டையாக, தண்டு தடித்த கன்றுதான் சரி. அதையும் நர்சரியில் கடைசிச் சில வாரங்கள் தண்ணீரைக் குறைத்து, வெயிலில் வைத்துப் பழக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத விஷயமா? பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நர்சரியில் ஏறக்குறைய ஒரு வருடம் வளர்த்துத்தான் கன்றை வயலுக்குக் கொண்டு போவார்கள். நட்ட பிறகு அடியைச் சுற்றி வட்டமாகப் புல் எடுப்பார்கள், ஏனென்றால் பக்கத்துப் புல்தான் கன்றின் தண்ணீரை முதலில் குடிக்கும். எலியும் முள்ளம்பன்றியும் வரும் இடத்தில் கம்பி வலை சுற்றுவார்கள். மண் காயாமல் இருக்கக் கொடிப் பயிர் போடுவார்கள். செத்ததை எண்ணி அந்த இடத்தில் வேறு கன்று வைப்பார்கள். கம்பெனிக்கு ஒவ்வொரு மரமும் பணம், அதனால் அத்தனை கவனம். இந்த வேலையை இங்கே செய்தவர்களில் எத்தனையோ பேர் அந்த வறண்ட ஊர்களில் இருந்து வந்தவர்கள்தானே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே ஊருக்கு மரம் அனுப்பும்போது இவ்வளவையும் விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

எண்ணிக்கை என்ன செய்யும் என்பதற்குத் துருக்கி இருக்கிறது. 2019 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்றுகள் நட்டதாக அறிவித்தார்கள், கின்னஸ் சாதனையெல்லாம் வாங்கினார்கள். சில மாதம் கழித்து அங்குள்ள வனத் தொழிலாளர் சங்கம் போய்ப் பார்த்துவிட்டு, தாங்கள் பார்த்த இடங்களில் 90 விழுக்காடு வரை காய்ந்துவிட்டது என்றது. அரசு மறுத்தது, அது வேறு கதை. இந்தப் பக்கம் கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்காவும் அவர் கணவரும் ஹுலிகல் சாலையோரம் வளர்த்தது 385 ஆலமரம். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள், ஆடு மாடு வாய் வைக்காமல் சுற்றிலும் முள் வைத்து அடைத்தார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

ஆடு சாதாரண எதிரி இல்லை. குருத்தைக் கடித்துவிட்டால் அந்த வருட வளர்ச்சி போயிற்று, மறுபடி மறுபடி கடித்தால் கன்றே போயிற்று. ஆட்டுக்காரரைத் திட்டியும் பயனில்லை, கோடையில் ஊரிலேயே பச்சையாக நிற்பது நீங்கள் நட்டது மட்டும்தான். கன்றைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் குழாய் வாங்கி அனுப்பலாமே என்று யாராவது கீழே எழுதுவீர்கள் என்று தெரியும். 1979-இல் கிரகாம் டூலி என்பவர் பிரிட்டனில் செய்து பார்த்த யோசனை அது, குளிர் நாட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. நம் ஊர் வெயிலில் காற்றோட்டம் இல்லாத குழாய்க்குள் கன்று வெந்துவிடும், ஓட்டை போட்ட குழாய்தான் ஆகும், அப்புறம் அதைத் திரும்பப் பொறுக்கவும் ஆள் வேண்டும். சீமைக் கருவேல முள் அங்கே சும்மாவே கிடைக்கிறது. அதன் இலையை ஆடு தொடாது, அதனால்தான் யாரும் காக்காமலே ஊரை நிறைத்திருக்கிறது. காய் இல்லாத கிளையாக வெட்டிச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் காயைத் தேடியே ஆடு வரும்.

தண்ணீருக்கும் பெரிய செலவு இல்லை. தினம் ஒரு சொம்பு மேலாக ஊற்றினால் பாதி ஆவியாகும், வேரும் மேலேயே நிற்கும். சுட்ட மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடி வைத்தால் மெல்லக் கசிந்து கீழே வேருக்குப் போகும். சீனாவில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்த முறை இது.

ஆக செலவு எதற்கு என்றால், ஆளுக்கு. 1977-இல் கென்யாவில் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமை வளைய இயக்கத்தில், பிழைத்த கன்றுக்குத்தான் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். நூறு கன்று என்று சொல்லாமல், இருபது கன்று, அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு மூன்று வருடக் காவல் கூலி, ஒவ்வொரு வைகாசியிலும் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கணக்கு, இப்படிக் கேட்டால் பத்து என்ன, ஐம்பது வெள்ளியே தருகிறேன். சில இடங்களில் நடவே தேவையில்லை. நைஜரில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் 1980-களில் விவசாயிகளிடம் சொன்னது, வெட்டிய அடிமரத்தில் தானாகத் துளிர்ப்பதைக் காப்பாற்றுங்கள் என்றுதான். ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேரில் அப்படி மரம் திரும்பியது. நம் ஊரிலும் காக்கை போட்ட வேப்பங்கன்று வரப்போரம் எத்தனை நிற்கிறது!

அந்த மாதிரிக் கன்றுகளுக்கு முள்ளும் காவலும் மட்டும் போட இந்தப் பணத்தைச் செலவழிப்பீர்களா என்று குழுவிலேயே கேட்டிருக்கிறேன். கும்பிடு நிறைய வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.