அலாஸ்கா வரைபடத்தின் சிவப்பு நிறம் சொல்வது என்ன?

அமெரிக்கப் பருவநிலைக் கணிப்பு மையத்தின் குளிர்கால வெப்பநிலைக் கணிப்பு வரைபடத்தில் அலாஸ்காவின் ஒரு பகுதி சிவப்பாக இருந்தால் போதும், "அங்கே இந்த வருஷம் குளிரே இல்லை, பனியே பெய்யாது" என்று பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். இது தவறு.

அந்த நிறம் வெப்ப அளவைக் காட்டுவதில்லை, வாய்ப்பைத்தான் காட்டுகிறது. வெப்பநிலை வழக்கத்தைவிட அதிகம், வழக்கம்போல், வழக்கத்தைவிடக் குறைவு என மூன்று நிலைகள். எந்தப் பக்கமும் சாயாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 33 சதவீதம். அதில் "அதிகம்" என்பது 50 சதவீதத்தைத் தொட்டாலே வரைபடம் நன்றாகச் சிவந்துவிடும். மீதிப் பாதி வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

சரி, அதிகம் என்றால் எதைவிட? 1991 முதல் 2020 வரையிலான சராசரியைவிட. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஜனவரிச் சராசரி சுமார் மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். ஐந்து டிகிரி கூடினாலும் மைனஸ் 17தான். பனி உருகாது.

இதை நம்பி யாரும் கம்பளி உடையைக் குறைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. வரைபடம் கணிப்பது மூன்று மாதச் சராசரியை; அது ஒரு நாளின் கதையைச் சொல்லாது. 2021 டிசம்பர் 26 அன்று அலாஸ்காவின் கோடியாக் தீவில் பூஜ்யத்துக்கு மேல் 19 டிகிரி பதிவானது. அதே நாட்களில் ஃபேர்பேங்க்ஸில் மழை பெய்து, சாலையெல்லாம் பனிக்கட்டியாக இறுகிப்போனது. அப்புறம், அந்த வரைபடம் பனிப்பொழிவைக் கணிப்பதே இல்லை.