அந்த அட்ராஸ்டஸ் வேறு, இவன் வேறு

டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட் பற்றிய இந்தக் கட்டுரையில், கிரேக்க மன்னன் மெனெலாஸிடம் உயிர்ப்பிச்சை கேட்ட டிராய் வீரன் அட்ராஸ்டஸும் பெர்கோட்டே ஊர் மெரோப்ஸின் மகனும் ஒரே ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். 6ஆம் காண்டத்தில் செத்தவன் 11ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் டயோமிடீஸ் கையில் மறுபடி எப்படிச் சாவான்? டிராய் தரப்பில் அந்தப் பெயரில் மூன்று பேர் மடிகிறார்கள். 11ஆம் காண்டத்தில் சாகும் மெரோப்ஸின் மகன், குறி சொல்லும் தந்தை தடுத்தும் கேளாமல் போருக்கு வந்தவன். 16ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் பட்ரோக்ளஸ் கொல்பவனுக்குப் பெயர் மட்டுமே மிச்சம்.

6ஆம் காண்டத்து அட்ராஸ்டஸைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மிரண்டோடிய குதிரைகள் புதர்க்கிளையில் சிக்க, தேரின் ஏர்க்கால் முறிகிறது. சக்கரத்தருகே புழுதியில் முகம் குப்புற விழுகிறான். மெனெலாஸின் முழங்காலைப் பிடித்து, தந்தை வீட்டில் வெண்கலமும் பொன்னும் இரும்பும் இருக்கின்றன, என்னை மீட்க அள்ளித் தருவார் என்று கெஞ்சுகிறான். மெனெலாஸ் மனமிரங்கிய வேளையில் அண்ணன் அகமெம்னான் ஓடி வந்து, வயிற்றிலிருக்கும் பிள்ளைகூடத் தப்பக் கூடாது என்கிறான். அகமெம்னானின் ஈட்டி அட்ராஸ்டஸின் விலாவில் இறங்குகிறது.

தீப்ஸ் நகரைத் தாக்க ஏழு தலைவர்களைத் திரட்டிய ஆர்கோஸ் மன்னன் அட்ராஸ்டஸ் முந்தைய தலைமுறை. அவனையும் இவர்களோடு சேர்த்துவிடாதீர்கள். தயவுசெய்து ஒவ்வொருவருக்கும் தந்தையின் பெயரையோ கொன்றவன் பெயரையோ சேர்த்துத் திருத்துங்கள்.