கட்டின காசுக்காக இன்னும் கட்டுவது

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் ‘பயாஸ்’ பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் முடிவுகளைக் கெடுக்கும் இத்தனை மனச்சாய்வுகள் என்று ஒரு போஸ்டர் குடும்ப வாட்ஸப் குழுவில் வராத வாரமில்லை. அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தால் நல்ல முடிவெடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் அடுத்தவர் வாயை அடைக்கத்தான் அவை உதவுகின்றன. இந்தத் துறையின் பிதாமகர், 2002இல் பொருளாதார நோபல் வாங்கிய டேனியல் கானமன், இத்தனை வருடம் ஆராய்ந்தும் தன் உள்ளுணர்வு பெரிதாகத் திருந்தவில்லை, அடுத்தவர் பிழைதான் சட்டென்று கண்ணில் படுகிறது என்று வெளிப்படையாக எழுதினார். அவருக்கே அப்படி!

இந்தச் சாய்வுகளில் நான் அதிகம் பார்ப்பது ஒன்றைத்தான்: போட்ட காசு போய்விடுமே என்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. புத்தகத்தில் ‘சங்க் காஸ்ட்’ என்பார்கள். 1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் டிக்கெட் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான். டிக்கெட்டும் அதே, நாடகங்களும் அதே. ஆனாலும் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். காசு எப்போதோ கையை விட்டுப் போயாயிற்று. ஆனாலும் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது.

நாடகத்துக்குப் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ பக்கம், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போட்டு விளையாடும் பக்கம் வாருங்கள். 2024 செப்டம்பரில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அங்கே வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதைவிட என்னை உறுத்தியது இன்னொரு வரி: வருடத்துக்கு வருடம் விட்டும், நஷ்டமடைந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ‘விட்ட இடத்தில்தான் பிடிக்கணும்’ என்று நம்மூரில் சொல்வார்கள். சீட்டாடுபவர் சொன்னால் சிரிக்கிறோம், ஆப் வைத்திருப்பவர் சொன்னால் தலையாட்டுகிறோம்.

சரி, நம் எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய எண்டோமென்ட் பாலிசி, அதாவது சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்தது.

என் மைத்துனர் ஒருநாள் பாலிசி பத்திரத்தோடு வந்தார். “மாமா, இதை பாதியிலேயே முடிச்சு காசை வாங்கிடவா, அதான் சரண்டர் பண்ணிடவா, தொடர்ந்து கட்டவா?” வருடம் 25,000 ரூபாய், 20 வருடம். ஐந்து பிரீமியம் கட்டியாயிற்று. முடிவில் போனஸோடு ஏறக்குறைய 8 லட்சம் வரும் என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று சரண்டர் செய்தால் கிடைப்பது 62,500. (கணக்குக்காகக் கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.) அவருடைய அம்மா, “கட்டின காசுல பாதி போயிடுமே, வேண்டாம்” என்கிறார். ஆபீஸ் நண்பரோ, “அதுக்குப் பேர்தான் சங்க் காஸ்ட், உடனே சரண்டர் பண்ணு” என்கிறார்.

என் கருத்தில் இரண்டு பேரும் கணக்குப் போடவில்லை. அம்மா கட்டின 1,25,000ஐப் பார்த்துத் தயங்குகிறார். நண்பர் ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு கத்தியை எடுக்கிறார்.

தொடக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பாலிசி வருடத்துக்குச் சுமார் 4.3 சதவீதம்தான் தருகிறது. மோசமான கொள்முதல், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கொள்முதல் முடிந்துபோன கதை. இன்றைய நிலவரம் வேறு: கையில் 62,500 வரக்கூடிய ஆள், அதை வாங்காமல் விட்டு, இன்னும் 15 தடவை 25,000 கட்டினால் 8 லட்சம். இந்தக் கணக்கில் வருமானம் சுமார் 6.4 சதவீதம்! சரண்டரில் அவர்கள் பாதியைப் பிடித்துக்கொள்வதால், இருப்பவருக்குத் தொடர்வது அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை. அதே பணத்தை பிபிஎஃபில் இப்போதைய 7.1 சதவீதத்தில் போட்டால் 15 வருடத்தில் எட்டரை லட்சம் வரும். அதிலிருந்து தனியாக ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் (சேமிப்பு இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு) எடுக்கும் செலவைக் கழித்தால் வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துவிடும்.

இரண்டே பிரீமியம் கட்டியவர் என்றால் கதை மாறுகிறது. சரண்டரில் 15,000தான் கிடைக்கும் என்று வையுங்கள். 50,000 கட்டி 15,000 வாங்குவது வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்த 15,000ஐயும் மிச்சமிருக்கும் 18 பிரீமியத்தையும் அதே 7.1 சதவீதத்தில் போட்டால் 9.7 லட்சம் வரும். வலி அதிகமாகத் தெரியும் இடத்தில்தான் வெளியேறுவது லாபம். மனசு சொல்வதற்கு நேர் எதிர்.

அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: ‘இந்தப் பாலிசி என்னிடம் இல்லை, சரண்டர் தொகை ரொக்கமாகக் கையில் இருக்கிறது. அதைக் கொடுத்து, மிச்சப் பிரீமியத்தையும் கட்டும் பொறுப்போடு, இதே பாலிசியை இன்றைக்கு வாங்குவேனா?’ கட்டின காசு இந்தக் கேள்விக்குள் எங்குமே வராது. விலை ஏறாமல் கிடக்கும் மனைக்கும், ஒர்க் ஷாப்பே கதியென்று கிடக்கும் பழைய காருக்கும் இதையே கேட்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் போஸ்டர்காரர்கள் சொல்வதில்லை. மைத்துனர் தயங்கியதற்கு நிஜக் காரணம் காசே இல்லை. பாலிசி போட்டது அவர் சித்தப்பா. சரண்டர் செய்தால் அடுத்த கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதை மூளையின் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். உறவுக்கு ஒரு விலை உண்டு, கொடுக்கலாம். அந்த விலை எத்தனை ரூபாய் என்று தெரிந்து கொடுத்தால் போதும். அவர் பாலிசியைத் தொடர்கிறார். மகள் பெயரில் இன்னொன்று போடச் சொல்லி சித்தப்பா வந்தபோது மட்டும், “இப்போ கை கடிக்குது சித்தப்பா” என்று நழுவிவிட்டார்.

பிரீமியம் தேதி நெருங்குபவர்கள் முதலில் கிளைக்குப் போய் இன்றைய சரண்டர் மதிப்பையும் சேர்ந்திருக்கும் போனஸையும் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்லும் தொகை வேண்டாம். பாலிசியின் பேரில் கடன் வாங்கியிருந்தால் அதைக் கழித்த தொகையா என்று கேளுங்கள். பிரீமியத்தை நிறுத்திவிட்டு, குறைந்த தொகைக்கு ‘பெய்டு அப்’ ஆக விட்டுவைக்கும் வழியும் உண்டு, அதற்கும் என்ன வரும் என்று கேட்டு வையுங்கள். 2024 அக்டோபருக்குப் பிறகு விற்ற பாலிசி என்றால், ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டி அந்த வருடம் முடிந்திருந்தாலே சரண்டரில் ஏதாவது கிடைக்கும். ஒன்றும் வராது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.